தென்கரைக் கொடுவா

ஒலுவில் கெம்பஸில் படிப்பிக்கும் முபீன் சேர் எங்கள் வீட்டுக்கு வந்து, வாப்பாவின் பூட்டன் எழுதிய கொப்பி இருக்கிறதா என்று கேட்டபோதே எனக்குச் சந்தேகம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின பாட்டு, அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ், அதுவும் கொடுவாமீன் பிடிக்கிற பாட்டு. சப்பாத்தில் மணல் படாமல் நடக்கிற மனிசனுக்குக் கொடுவா எதற்கு?

காட்டியிருக்கவே மாட்டேன். ஆனால் என் நிலைமை அப்படி. மகள் றுமானாவின் மாப்பிள்ளை வீட்டாருக்கு வெள்ளிக்கிழமை சஹன் தட்டு வைத்து விருந்து. "நான் தூண்டில்ல புடிச்ச கொடுவாதான் சஹன்ல வரும்" என்று சம்பந்தியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். இரண்டு கிழமையாக ஒன்றுகூடப் படவில்லை. சந்தையில் வாங்கி வைத்தால் எங்கள் ஊர் சாய்ந்தமருது முழுக்கச் சிரிக்கும்.

எனக்கு அந்த எழுத்து சரளமாக ஓடாது. சேர்தான் கொப்பியை விரித்துப் படித்தார்:

"தென்கரைக் கல்லடியில் திரண்டுவரும் வெள்ளத்தில்
பொன்கண் கொடுவா புரண்டெழும் பாரடா."

முகத்துவாரத்துத் தென்கரையில் பாதி புதைந்த கல் ஒன்று இப்போதும் இருக்கிறது. சேர் அந்த வரியை ஃபோனில் இரண்டு தரம் படம் எடுத்தார். ஏன் இரண்டு தரம்?

செவ்வாயும் புதனும் விடியச் சுபஹு தொழுத கையோடு அங்கே போய், உயிர் இறாலைக் கொழுவிப் போட்டேன். ஒரு கடிகூட இல்லை. பாட்டை மாற்றிப் படித்துக் காட்டிவிட்டாரோ என்று புதன் பின்னேரம் சேரைப் பிடித்தேன்.

"எனக்கு ஒரு இடம், உங்கட ஆக்களுக்கு ஒரு இடமா சேர்?"

"அல்லாஹ்வுக்காக, மீராமுகைதீன் காக்கா! நீங்களே ஓதிப் பாருங்க."

விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். தென்கரை என்றுதான் இருந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. பூட்டனுக்கு மீன் பிடிக்கவே தெரியாதோ என்று அவர்மேலும் சந்தேகம் வந்தது.

வியாழன் காலையும் தென்கரையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கரையில் என் மச்சான் நஸீம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"எங்க மச்சான் போய் வாறீங்க?"

"வடக்கால" என்றேன்.

சொன்ன வாயை மூடாமல் நின்றுவிட்டேன். இருபது வருசமாக இவனுக்கு நான் ஒருநாளும் சரியான கரையைச் சொன்னதில்லை. எங்கள் தூண்டில்காரர்களில் எவனும் சொல்வதில்லை. பாட்டு எழுதினால் மட்டும் பூட்டன் சொல்லியிருப்பாரா?

அன்றைக்குப் பின்னேரமே வடகரைக்குப் போனேன். மூன்றாவது வீச்சில் கை அறுந்துபோகிற மாதிரி ஓர் இழுவை. ஏழு கிலோ. மீனை மணலில் போட்டுவிட்டு, முகம் தெரியாத அந்தக் கள்ளக் கிழவனுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதினேன். அழுதும் விட்டேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி மீன்தலையைச் சப்பி முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். மாஷா அல்லாஹ் என்றார். முபீன் சேரும் வந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"எங்க காக்கா மீன் பட்டது?"

பக்கத்தில் நஸீம் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"தென்கரைதான் சேர். அந்தக் கல்லடியில."

சேர் உடனே பேனையை எடுத்து எழுதிக்கொண்டார். புத்தகத்தில் போடப் போகிறாராம், பாட்டில் சொன்ன இடம் இன்றைக்கும் பொய்க்கவில்லை என்று.