பிள்ளைகளோடு ஒரு படம்

மூன்றாவது பூதம் குசினி வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது. கொம்பு கதவு நிலையில் இடித்தது. ஜெனிற்றா அதைச் சரித்து, அதன் றப்பர்க் காலை மடித்து, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் விறகு மூலையில் திணித்துப் பழைய சாரத்தால் மூடினாள். அதற்குள் அண்ணன் ஜெறோமின் சவப்பெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து றோட்டில் நின்றுவிட்டது.

ஜெறோம் ஜப்பானில் கார் கொம்பனியில் வேலை செய்தவன் என்றுதான் குருநகர் முழுக்க அவள் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவன் சினிமாப் படங்களுக்குப் பூதம் செய்யும் ஒரு கிழவரின் பட்டறையில் களிமண் பிசைந்தவன். உடம்புக்கு வருத்தம் வந்து ஊருக்குத் திரும்பிய பிறகும் அறைக்குள் இருந்து அதையேதான் செய்தான்.

"எந்தப் பூதமெண்டாலும் அதுக்கு எங்கை நோகுது எண்டு முதல் யோசிக்க வேணும். பல்லு, கொம்பெல்லாம் பிறகு. எங்கடை மாஸ்டர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவர்," என்பான்.

ஜெனிற்றாவுக்குக் கேட்கவே கூசும். மாதா சுரூபம் செய்திருந்தால் கோயிலிலாவது வைத்திருக்கலாம். பிசாசு செய்கிறவனின் மருமகளை யார் எடுப்பார்கள்? மகள் சாருஜாவுக்குக் கலியாணப் பேச்சு முற்றாகும் நேரம் இது. மரண அறிவித்தலிலும் 'ஜப்பான் கார் கொம்பனிப் பொறியியலாளர்' என்றே அடிக்கக் கொடுத்தாள். மதிலெல்லாம் ஒட்டியாயிற்று.

பின்னேரம் சுவாமியார் வந்து செபம் சொன்னார். பொறியியலாளரின் உழைப்பைப் பற்றி நாலு வசனம் கூடுதலாகவே பேசினார். மாப்பிள்ளையின் தாய் முன்வரிசைக் கதிரையில் இருந்து தலையாட்டினாள். பெட்டிக்குள் கிடந்தவனின் நகக்கண்களில் பச்சைப் பெயின்ற் அப்படியே இருந்தது. ஜெனிற்றா அவன் கையிலிருந்த செபமாலையை இழுத்து அதை மறைத்துவிட்டாள்.

பெட்டியை மூடமுதல் படம் எடுக்க வேண்டும். கனடாவுக்கும் பிரான்சுக்கும் அனுப்பவென்று, ஒவ்வொரு உறவாகப் பெட்டியைச் சுற்றி நிற்பது முறை. படமெடுக்க வந்த சுரேஸ் எல்லாச் செத்த வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னான்.

"முதல் பிள்ளையள் வாங்கோ."

ஒருவரும் அசையவில்லை.

"அண்ணை கலியாணம் கட்டேல்லைத் தம்பி. பிள்ளையள் இல்லை," என்றாள் ஜெனிற்றா. "சகோதரத்தை எடுங்கோ."

தலைமாட்டில் இருந்த தாய் லூர்த்தம்மா எழும்பி உள்ளே போனாள். காலையிலிருந்து ஒரு சொல் கதைக்காத மனுசி. தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று வழி விட்டார்கள். குசினியில் ஏதோ விழுந்து உருண்டது. தாய் எதை எடுக்கிறாள் என்று ஜெனிற்றாவுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் மறிக்கலாம்தான். சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க எப்படி ஓடுவது?

லூர்த்தம்மா அந்த மூன்றாவது பூதத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பச்சை உடம்பு, ஒற்றைக் கொம்பு, சின்னப் பிள்ளை உயரம். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சுரேஸ் கமராவை இறக்கினான். "அம்மா, உதென்ன?"

"என்ரை பேரன்."

சுவாமியார் ஜெனிற்றாவைப் பார்த்தார். அவள் தாய்க்குக் கிட்டப் போனாள்.

"சனம் பாக்குது அம்மா. கொண்டுபோய் வையணை," என்று பல்லுக்குள் சொன்னாள்.

லூர்த்தம்மா சத்தம் போடவில்லை. "ஜெறோம் செய்ததுதான் சுவாமி. என்ரை பிள்ளை கார் செய்யேல்லை." பிறகு மகளிடம் திரும்பினாள். "இதுக்கு முழங்கால்தான் நோகும் எண்டு எத்தினை தரம் சொன்னவன். நீ அந்தக் காலையே மடிச்சு வைச்சிருக்கிறாய், பிள்ளை."

ஜெனிற்றா அந்த மடிந்த காலைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் ஊருக்கு வெட்கப்பட்டவளுக்கு இப்போது பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். போய் ஏதாவது சொல்லி மறிக்க வேண்டும். ஜெனிற்றா ஓரடி வைத்தாள். பிறகு திரும்பி வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த வாலைக் குனிந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றான் சுரேஸ். "கொஞ்சம் நிமிந்து பாருங்கோ."