சின்ன மாப்பிள்ளையின் ஃபைல்

வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்கும். ஆனால் பெரிய மாப்பிள்ளைக்கு இருந்தது அந்த வயிற்றெரிச்சல் இல்லை.

அவருக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில், மடிக்கணினி பழுதுபார்க்கிற கடை. கைராசிக்காரர். தண்ணீர் கொட்டியது, கீழே விழுந்தது, குழந்தை ஏறி மிதித்தது என்று எதைக் கொண்டுவந்தாலும் உயிர் கொடுத்துத்தான் அனுப்புவார். மாமியார் வீட்டில் ஒரு ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் "மாப்பிள்ளை வரட்டும்" என்றுதான் எடுத்து வைப்பார்கள். இது மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் ஆகிறவரை. அதன் பிறகு அவர் வெறும் மாப்பிள்ளை இல்லை, பெரிய மாப்பிள்ளை ஆகிவிட்டார். பதவி உயர்வு மாதிரி தெரியும், ஆனால் ரிமோட் எல்லாம் சின்ன மாப்பிள்ளையிடம் போக ஆரம்பித்தது.

சகலைக்கு ஏதோ அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாது. போகாத பொழுதைப் பயாஸில் போக்குவான். கணினியைத் தட்டியதும் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழித்து, மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற சின்ன நிரல் அது. நகக்கண் அளவு சிப் ஒன்றுக்குள் குடியிருக்கும். கம்பெனிக்காரன் அதில் ஐம்பது வசதிகளை வைத்துவிட்டு நாற்பதை மறைத்து வைத்திருப்பான். அந்த மறைத்த பக்கங்களைத் திறந்து காட்டுவதில்தான் சகலைக்கு ஆனந்தம். அதற்குச் சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பும், படித்து எழுதுகிற கருவியும் வேண்டும். இரண்டும் பெரிய மாப்பிள்ளை கடையில் இருந்தன.

"அண்ணே, உங்க கிளிப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று வந்து உட்கார்ந்தவன்தான். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே அவனைத் தேடி வந்தது.

"அந்த ஞாயித்துக்கிழமை சார் இல்லையா?" என்று ஒருவர் வியாழக்கிழமை வந்து கேட்டார்.

"கடை என்னோடதுங்க. என்ன வேணும், சொல்லுங்க."

"சரிங்க. அவர் எப்ப வருவார்?"

அன்று பெரிய மாப்பிள்ளை மத்தியானம் சாப்பிடவில்லை.

அக்காவும் தங்கையும் ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துப் போட்டு வளர்ந்தவர்கள். கணினி வாங்கும்போதும் ஒரே தள்ளுபடியில் ஒரே மாடலை வாங்கினார்கள். அக்காவுக்கு வீடுகளுக்கான அலமாரிகளையும் சமையல்மேடைகளையும் திரையில் வரைந்து கொடுக்கிற வேலை. தங்கைக்கு வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியின் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்து, முதுகைக் கழற்றி, மறைந்த பக்கங்களைத் திறந்து, படத்துக்கான நினைவகத்தைக் கூட்டி வைத்தான். பெரிய மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்க்காத மாதிரி வேறு ஒரு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துடைப்பில் இரண்டு எழுத்து அழிந்துபோனது.

அடுத்த வாரம் தங்கை வீட்டுக்கு அக்கா போய்விட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"என்னங்க, அவ கம்ப்யூட்டர் மாதிரி என்னோடதையும் பண்ணித் தாங்களேன்."

"எந்த மாதிரி?"

"அவரு பண்ணிக் குடுத்திருக்காரே, அந்த மாதிரி. அவ அதை ஆன் பண்ணும்போதே முகத்துல ஒரு சந்தோஷம் வருதுங்க."

அவளுடைய அம்மாவும் அன்று கூட வந்திருந்தார். "அதுக்கென்ன, சின்னவர்கிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவாரு" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார்.

"வேணாம்மா. இவருதான் பண்ணணும்" என்றாள் அவள்.

இவருதான் பண்ணணும். பெரிய மாப்பிள்ளை அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். இதில் தோற்றால் சொந்த வீட்டிலேயே இரண்டாம் இடம். கடையில் அவன் உட்காரட்டும், மாமியார் வாயில் உட்காரட்டும். மனைவியின் மனதில் மட்டும் விடமுடியாது.

மறுநாள் காலை கடைக்கு வந்து முதல் வேலையாக அவளுடைய கணினியைத் திறந்தார். கிளிப்பைச் சிப்பில் மாட்டினார். தொழில் சுத்தம் அவரிடம் உண்டு. சிப்பில் இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, அசலைப் பத்திரமாகச் சேமித்த பிறகே அதில் கை வைப்பார். அன்றும் அப்படித்தான் செய்தார். பிறகு அந்த ஃபைலைப் பிரித்து, 'மறை' என்று இருந்த இடங்களில் 'காட்டு' என்று மாற்றினார். சகலை செய்ததை ஓரக்கண்ணால் பார்த்த ஞானம். சிப்பில் எழுதினார். பொத்தானை அழுத்தினார்.

திரை இருட்டு. விசிறி மட்டும் ஹோவென்று கத்தியது. உள்ளே யாராவது கை வைத்தால் கண்டுபிடித்து நின்றுவிடுகிற காவல் ஒன்று அதற்குள் இருக்கிறது, அதைத் தாண்டுகிற வழி சகலைக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. மறுபடி மாற்றினார், மறுபடி எழுதினார். இருட்டு. ஓரக்கண்ணால் படித்த படிப்பு அவ்வளவுதான்.

ஒரு போன் பேசியிருந்தால் போதும். "சகலை, இது எப்படிப்பா?" என்று கேட்டால் அவன் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பான். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் சகலை தன் மனைவியின் கணினிக்காகச் செய்து, கடைக் கணினியில் போட்டுவைத்திருந்த ஃபைல் கண்ணில் பட்டது. அதே மாடல். எல்லாம் திறந்து, சரியாக ஓடுகிற முழு ஃபைல். எடுத்து ஏற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அது கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சிப்பிலும் அந்தந்தக் கணினிக்கே உரிய எண்ணும் அடையாளமும் இருக்கும். ஒன்றில் இருப்பதை முழுசாக இன்னொன்றில் ஏற்றினால் இது அதுவாகிவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் "ஒருத்தர் பல்செட்டை இன்னொருத்தர் வாயில மாட்டாதீங்கப்பா" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவரே இவர்தான்.

மாட்டினார். எண்ணைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பொத்தானைத் தட்டிய கையோடு, பயாஸுக்குள் போகிற விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். முகப்பைக் காட்டாமல் நேராக உள்ளே போனது. பக்கம் பக்கமாக, அவர் இதுவரை கண்ணால் பார்க்காத வசதிகளெல்லாம் வரிசைகட்டி நின்றன. பெரிய மாப்பிள்ளைக்கு விசிலடிக்கத் தோன்றியது. நினைவகத்தைக் கூட்டி, அணைத்து, முதுகை மூடி, திருகாணிகளை முறுக்கி, மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

"ஆன் பண்ணிப் பாரு."

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினாள். வழக்கமாக அந்த மாடலில் முதலில் ஒன்றும் வராது. கம்பெனிக்காரன் முகப்புப் படத்துக்கு இடம் விட்டு, அதையும் காலியாகப் பூட்டி வைத்திருந்தான். அன்று அந்தக் கறுப்பின் நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

'கெட்டிக்காரி, கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு குடு.'

வந்து, ஒரு கணம் நின்று, போனது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்களா எழுதினீங்க?"

பெரிய மாப்பிள்ளைக்கு யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் அவள் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதை இழக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பின்னே யாரு?" என்றார்.

"ம். நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பரீட்சையில் ஜெயித்தாயிற்று, தூக்கம் போயிற்று. முன்னால் சகலையின் வித்தையைப் பார்த்துத்தான் பொறாமை. இப்போது அந்த ஒரு வரியைப் பார்த்துப் பொறாமை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு ஏன் அப்படி ஒரு வரி தோன்றவில்லை? இன்னொருத்தன் வந்து தன் வீட்டு மேசையில் நின்று தன் மனைவியைக் கெட்டிக்காரி என்கிறான், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியதும் தானேதான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இங்கே குழியையும் இவரே பறித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. அவள் அதன் பிறகு கணினியை அணைப்பதே இல்லை. வேலை முடிந்தால் மூடியை மட்டும் சாத்துவாள், காலையில் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வேகம் வந்துவிட்டது, அணைக்கக்கூட மனமில்லாமல் வேலை செய்கிறாள் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். அந்த வரியை மறுபடி பார்க்க வேண்டியிராததும் நல்லதாகப் போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் தங்கையும் சகலையும் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தபோது தங்கை, "அக்கா, ஒரு மெயில் அனுப்பணும், உன்னோடதைத் தா" என்று மேசைக்குப் போனாள். சார்ஜ் இறங்கிக் கணினி தானாகவே அணைந்து கிடந்தது. அக்கா "இரு, இரு" என்று எழுவதற்குள் அவள் மின்கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

கறுப்புத் திரை. நடுவில் அந்த வரி.

தங்கை முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அக்காவுக்கும் இதையே எழுதிக் குடுத்தீங்களா?"

சகலை திரையைப் பார்த்தான், பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தான். தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"நான் எழுதலை. அண்ணன்தான் முதல்ல அக்காவுக்கு எழுதி வச்சிருந்தாரு. நல்லா இருக்கேன்னு நான்தான் காப்பி அடிச்சேன்."

பெரிய மாப்பிள்ளை கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவனே தன் வாயால் சொல்லிவிட்டான், இவர் அசல், அவன் நகல் என்று. ஆனால் தங்கையின் முகம் வாடிப்போனதை அவர் பார்த்தார். "ஓ, அப்படியா" என்று சொல்லி, வந்த வேலையை மறந்து, திரையை மூடினாள் அவள். தனக்கென்று நினைத்துத் தினமும் படித்துக்கொண்டிருந்த வரி, பழைய துணி மாதிரி அக்காவிடமிருந்து வந்ததாகிவிட்டது.

"இல்லம்மா" என்றார் பெரிய மாப்பிள்ளை. "அது அவரு உனக்குன்னு எழுதினது. எனக்கு வேலை தெரியலை. கேட்கவும் வாய் வரலை. உன் மெஷினோட ஃபைலை முழுசா எடுத்து இதுல ஏத்திட்டேன். உள்ள இந்த வரி இருந்தது எனக்குத் தெரியாது."

தங்கையின் முகம் தெளிந்தது. சகலை தரையைப் பார்த்தான். பெரிய மாப்பிள்ளைக்குத் தன் மனைவியின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. திரும்பித்தான் ஆகவேண்டும், திரும்பினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

தங்கையும் சகலையும் கிளம்பியதும் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவ வீட்டுல அன்னிக்கே அந்த வரியைப் பார்த்துட்டேங்க. அதைப் பார்த்துட்டு வந்துதான் உங்ககிட்ட கேட்டேன்."

"வேகம் வேணும்னு..."

"வேகத்தை யாரு கேட்டா? அவ மேல எனக்குப் பொறாமை. சின்ன வயசுலேருந்து அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கும் ஒண்ணு. இது மட்டும் எனக்கு இல்லை." கையில் இருந்த கோப்பையைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "அதே வரி என்னோடதுலயும் வந்தப்போ சிரிப்புத்தான் வந்தது. நீங்களான்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். பின்னே யாருன்னீங்க. அன்னையிலேருந்து அதை நான் அணைக்கவே இல்லை. அணைச்சா மறுபடி வருமில்ல."

பெரிய மாப்பிள்ளை அவள் கையில் இருந்த கோப்பையை வாங்கி வைத்தார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"பழையபடி ஆக்கித் தாங்க. என் மெஷின் என் மெஷினாவே இருக்கட்டும், மெதுவாப் போனாலும் சரி. அப்புறம் உங்களுக்கா ஏதாவது தோணினா எழுதுங்க. தோணலைன்னா காலியா விடுங்க. காலியா இருந்தாலும் அது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் கடையில் கிளிப்பை மாட்டி, சேமித்து வைத்திருந்த அசலை ஏற்றினார். சகலைக்குப் போன் செய்து, அந்தக் காவலைத் தாண்டுவது எப்படி, முகப்பில் எழுதுவது எப்படி என்று கேட்டார். அவர் பயந்த மாதிரியே அவன் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தான். சகலைமேல் வயிற்றெரிச்சல் தீர்ந்ததா என்றால், இல்லை. எழுதுவதற்கு இடம் திறந்தது. பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்தும் 'கெட்டிக்காரி' என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை, அது ஏற்கனவே அவனுடையதாகிவிட்டது. காலியாகவே விட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கறுப்பாக ஒரு கணம் நின்றது. அவள் அந்தக் கறுப்பை விடாமல் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

உட்கார்ந்து ஒரு அலமாரியை வரைந்து முடித்தாள். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, கணினியை முழுசாக அணைத்தாள்.