கடைசி ஒரு வாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோன அன்று அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கிடமிருந்து எடுத்தது. ஏதோ ஒரு சாமான் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை ஆறாவது மாடிப் படியில், என் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது, டீ போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் புண்ணியம்.

நான் எழுதுகிறவள் என்று வாட்ச்மேன் அவனிடம் உளறியிருக்கிறார். கிளம்பும்போது, "அக்கா, இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்றான். மாட்டேன் என்று தலையாட்டினேன். என் தலையாட்டலை நம்பி ஏற்கெனவே நாலு சொந்தக்காரர்கள் மோசம் போயிருக்கிறார்கள்.

(எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் பிள்ளை வளர்ப்பு பற்றி என்னிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது.)

2

முதல் வரிக்கு என்ன செய்வது?

"தினமும் ஆறரை மணிக்கு அவன் தன் பழைய வீட்டின் காலிங்பெல்லை, வெளியாள் மாதிரி ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு..."

அழ வைக்கப் பார்க்கிறேன் என்று அப்பட்டமாகத் தெரிகிறது. வேண்டாம்.

"மிளகு சாப்பிட மாட்டேன் என்றாள்."

இது தேவலை. மிளகு என்பது அவன் மகள், நாலு வயது. ஆள் இத்தனூண்டு, காரம் அவ்வளவு. அவன் வைத்த பேர். அவனும் மிளகின் அம்மாவும் பிரிந்து ஐந்து மாதம். தப்பு யார் மேல் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் நல்லவங்கதான்க்கா" என்று சொல்லி டீயை ஊதினான். மகள் அம்மாவோடு. அவன் பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரே ஒரு அறையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கலாம் என்று பேச்சு.

அவன் போன இரண்டாவது வாரம் மிளகு வாயை மூடிக்கொண்டாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், போனில் பொம்மைப்படம் போட்டுக் காட்டினாள். ம்ஹூம். மூன்றாம் நாள் அவளே அவனைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஊட்டினா சாப்பிடுறாளான்னு வந்து பாருங்க. வேற ஒண்ணும் இல்ல."

வந்தான். சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு வரவேண்டியதாயிற்று. மேஜையின் மூன்றாவது நாற்காலி மறுபடி அவனுடையது ஆனது.

3

அவன் ஊட்டியது கையால் இல்லை, கதையால்.

ஒரு எறும்பு லிஃப்டில் ஏறுகிறது. அதன் வீடு ஒன்பதாவது மாடியில். மாடிக்கு ஒரு வாய். இதில் உள்ள சூட்சுமம், வாக்கியத்தை முடிக்கக் கூடாது.

"கதவு திறந்துச்சு. பார்த்தா வெளியில யாரு நிக்கிறாங்கன்னா..."

"யாரு?"

"ஆ காட்டு."

வாய் திறக்கும். மசித்த உருளைக்கிழங்கோ அவித்த முட்டையோ உள்ளே போனபிறகுதான் நிற்பது பூனையா போஸ்ட்மேனா என்று தெரியும்.

* நானும் இந்தக் கதையில் சில வாக்கியங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். வித்தை அவனிடம் திருடியது.

எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிடும். ஒருநாள் கரண்ட் போகும், ஒருநாள் கயிறு சிக்கும், ஒருநாள் மெக்கானிக் லீவு. எறும்பு ஐந்து மாதமாக வீடு போய்ச் சேரவில்லை. தட்டிலும் பாதி அப்படியே கிடக்கும். "கடைசி ஒரு வாய்டா தங்கம்" என்று கொடுப்பதை மிளகு முழுங்கவே மாட்டாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அது உள்ளே போகும்வரை அவனும் எழுந்திருக்க முடியாது. பிடிவாதம் என்றாள் அம்மா. தன் கதையின் ருசி என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆண்களுக்கு இந்த நினைப்பு சுலபமாக வரும்.

4

குழந்தைகள் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். பன்னிரண்டு கிலோ. இந்த வயதுக்கு ரொம்பக் கம்மி என்று சாப்பாட்டு ஆலோசகரிடம் அனுப்பினார்கள்.

அந்தம்மா சொன்னதை முதலில் கட்டுரை பாணியில் எழுதிப் பார்த்தேன்: "என்ன உணவு, எந்த நேரம் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம், எவ்வளவு என்பதைக் குழந்தையின் பசியே தீர்மானிக்க வேண்டும். மிரட்டலும் பரிசும் ஒருபோதும்..."

தூக்கம் வந்தது, அடித்துவிட்டேன். அவர் நிஜத்தில் பேசியது இப்படி:

"சார், கதை சூப்பர். ஆனா அவ சாப்பாட்டை சாப்பிடல, உங்க கதையைச் சாப்பிடுறா. ஸ்பூனை அவ கையில குடுத்துடுங்க. நீங்களும் பக்கத்துல உக்காந்து உங்க பாட்டுக்கு சாப்பிடுங்க. சிந்தட்டும், மிச்சம் வைக்கட்டும். அவ பசியைக் கொஞ்சம் நம்புங்க."

"அப்புறம் தானாவே சாப்பிட்டுக்குவாளா மேடம்?" என்றாள் அம்மா.

"கண்டிப்பா."

அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அவனுக்கு வேறு கவலை. பிள்ளை தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் ஆறரை மணிக்கு அவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

5

இந்த ஆளை நம்பி ஒரு கதை எழுதலாமா என்ற சந்தேகம் எனக்கு இந்த இடத்தில்தான் வந்தது.

நாலாம் நாள் மிளகு தானே ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய். இரண்டு வாய். மூக்கில் உருளைக்கிழங்கு. சமையலறை வாசலில் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வாய்க்கு ஸ்பூன் பாதி வழியில் இருக்கும்போது அவன் மெதுவாக, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"கதவு திறந்துச்சு..."

ஸ்பூன் தட்டில் விழுந்தது.

"யாருப்பா? யாரு?"

"ஆ காட்டு."

(இதை மாற்றப் பார்த்தேன். ஒரு வரைவில் அவன் வாய் தவறிச் சொன்னான். இன்னொன்றில் மிளகே கேட்டாள். எதுவும் ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னான். அவனே என்னிடம் அப்படித்தான் ஒப்புக்கொண்டான்.)

பன்னிரண்டு கிலோ பிள்ளையின் பசியைத் தட்டிவிட்டான், ஒரு நாற்காலிக்காக. சீ என்று எழுதினேன். அப்புறம் அதையும் அடித்தேன். அவனுக்கென்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதானே.

அம்மா போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

6

இரண்டு நாள் அவனால் வேலையில் நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்கு எறும்பு வீட்டுக்குப் போயிடும்டா தங்கம். லிஃப்ட் ரிப்பேர் பண்ணியாச்சு. ஒன்பதாவது மாடி. கதவு திறந்துச்சு, எறும்போட வீடு..."

மிளகு எழுந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்!"

கன்னம் உப்பியிருந்தது. கடைசி வாய் முட்டை உள்ளேதான் இருந்தது. கண்ணில் மளமளவென்று தண்ணீர். அவன் பதறிப்போய் அவள் கையை விலக்கினான்.

"என்னடா? வயிறு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பசிக்குதா?"

ஆமாம்.

"பசிக்குதுன்னா முழுங்கேன்டா. இன்னும் வச்சிருக்கேன் பாரு."

வாயில் முட்டையோடு குழறலாகச் சொன்னாள்.

"முழுங்கினா நீ போயிடுவ."

கதையைப் போட்டு அவளைப் பிடித்துவைத்திருப்பதாக ஐந்து மாதம் நினைத்திருந்தான். பிடித்துவைத்திருந்தது அவள். பட்டினி கிடந்து பிடித்துவைத்திருந்தாள். அவளை வாரி அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். இதை என்னிடம் சொல்லும்போதும் அழுதான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் குழாய் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேஜையோரம் நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

7

அப்போது அவன் போன் அடித்தது. அந்த வீட்டில் இல்லை, எங்கள் படிக்கட்டில். சாமான் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றேன். நாலு வயதுப் பிள்ளை மாதிரிதான் கேட்டேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். ஒரு மணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது. மேலே வந்து சொன்னதெல்லாம் எழுதிடாதீங்க என்பது மட்டும்தான்.

ஆகவே முடிவை நானே செய்து பார்த்தேன்.

"நாளைக்கு நீங்க சாப்பாட்டுக்கு வேணாம், சும்மா விளையாட வாங்க" என்று அவளைச் சொல்ல வைத்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. ஆனால் அவள் அந்த ஐந்து மாதத்தில் என்ன பட்டாள் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் வாயில் நல்ல வார்த்தையைத் திணிக்க எனக்கு என்ன யோக்கியதை?

"நாளைக்கு வராதீங்க" என்றும் எழுதினேன். மிளகு நாலு நாள் அழுவாள், ஐந்தாம் நாள் சாப்பிடுவாள், எடை ஏறும். ஆலோசகர் சொன்னதும் பலித்துவிடும். அந்தத் தாளை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

அதனால் அவர்களை அப்படியே விட்டிருக்கிறேன். எறும்பு ஒன்பதாவது மாடியில், திறந்த கதவுக்கு இந்தப் பக்கம். அவன் மூன்றாவது நாற்காலியில். அம்மா ஈரக் கையோடு நிற்கிறாள், "நாளைக்கு" என்றவள் இன்னும் வாயை மூடவில்லை. மிளகு கன்னத்தில் அந்த ஒரு வாயோடு அவளையே பார்க்கிறாள்.

நீங்கள் பிள்ளை பெற்றவராக இருக்கலாம், பிரிந்தவராக இருக்கலாம். எப்படியும் என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை யாராவது சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்.

பிள்ளைக்குப் பசிக்கிறது.