ஐம்பதைத் தாண்டாத வண்டி

பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்குப் பொறுமை அதிகம் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் என் வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். காலையில் வண்டி கிளம்பும்போதே எனக்குக் கோபமும் கிளம்பிவிடும். ஒற்றை ஷூவோடு வந்து நிற்கும் பிள்ளை, ஹாரன் அடித்தால் முறைக்கும் அப்பா, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சின்னப் பெட்டி. பள்ளி வேன் என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி இருந்தே தீர வேண்டும், சட்டம். என்னதான் மிதித்தாலும் முள் ஐம்பதில் நின்றுவிடும்.

அந்த வண்டியில்தான் நாங்கள் நண்பர்கள் மூன்று பேரும் கடற்கரையில் சூரிய உதயம் பார்க்கப் போனோம். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற வண்டிதானே.

ஆசைப்பட்டவன் மீட்டர். மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவன், அதனால் அந்தப் பெயர். இரண்டு கிட்னியும் கைவிட்டு ஆறு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்துக் கிடந்துவிட்டு, பிழிந்துபோட்ட துணி மாதிரி வீடு திரும்புவான். இறந்துபோன யாராவது ஒருவருடைய கிட்னி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் பதிந்துவைத்துக் காத்திருந்தான். இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் இவன் மாற்று ஆள். முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் மட்டும் இவனுக்கு. சாப்பிடாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்து, முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்று வெறும் வயிற்றோடு வீடு வந்து சேர்ந்தான்.

“கடல்ல சூரியன் வர்றதை ஒரு தடவை பார்க்கணும்டா. அந்த ரூம் சீலிங்கையே பார்த்துப் பார்த்து கண்ணு பூத்துப்போச்சு” என்றான் ஒரு நாள்.

“டாக்டர் விடுவாரா?” என்று கேட்டான் டெய்லர். டெய்லருக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்து பார்க்க வேண்டும், பேச்சையும்.

“கேட்டுட்டேன். தாராளமா போயிட்டு வாங்கன்னுட்டாரு.”

நம்பினோம். சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். வழியெல்லாம் லாரிக்காரன்கூட எங்களை முந்திப் போனான். “இன்னும் கொஞ்சம் மெதுவாப் போனா நாளன்னைக்கு உதயத்தைப் பார்க்கலாம்” என்று டெய்லர் கிண்டலடித்தான். மீட்டர் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று. நான் அதைச் சொல்லாமல் லாரிக்காரனைத் திட்டினேன்.

லாட்ஜ் அறையில் மூன்று கட்டில்கள், ஒரே ஒரு ஜன்னல். சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. மீட்டர் ஜன்னல் பக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூல் சுற்றுலா வந்த பையன் மாதிரி, எங்களை விடியும் முன்னே எழுப்பிவிட்டான். மணலில் இறங்கி நடந்தோம். தண்ணீருக்கு மேலே வானம் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவன் போன் அடித்தது.

பேசிக்கொண்டே அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். மயக்கமோ என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

“கிட்னி வந்திருக்காம்டா. இந்தத் தடவை மாத்து ஆள் இல்ல. நான்தான் முதல் ஆள். மூணு மணி நேரத்துல வந்துடணுமாம்.”

டெய்லர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. முந்தின நாள் நாங்கள் வந்து சேர நாலரை மணி நேரம் ஆயிருந்தது.

லாட்ஜ்காரனிடம் கார் கேட்டேன். கார் இருக்கிறது, டிரைவர் ஊரில் இல்லை என்றான். நானே டிரைவர்தானய்யா என்று கத்தினேன். சாவி அவனிடம்தான் இருக்கிறது என்றான். டெய்லர் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். அது டவுனிலிருந்து வந்து சேரவே ஒரு மணி நேரமாகுமாம். ஆனது ஆகட்டும் என்று வேனைக் கிளப்பினேன்.

மீட்டர் மனைவிக்குப் போன் போட்டான். “பையை எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடு. நாங்க பக்கத்துலதான். வந்துகிட்டே இருக்கோம்.” அந்தப் பை ஆறு வருடமாகக் கதவுக்குப் பின்னால் தயாராக மாட்டியே இருக்கிறது.

நான் மிதித்தேன். முள் ஐம்பதுக்கு வந்து நின்றது.

“மிதிடா!” என்றான் டெய்லர்.

“மிதிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்! இதுக்கு மேல மிதிச்சா ரோட்டுலதான் காலு!”

“அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிய முடியாதா?”

“பிடுங்கினா வண்டியே கிளம்பாது.”

எங்களுக்குப் பின்னால் சூரியன் வந்துவிட்டது. வண்டிக்குள் இருக்கைகளெல்லாம் மஞ்சளாகிவிட்டன. மேலே இருந்த கண்ணாடியில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, அதை மடக்கிவிட்டேன். மீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தான், அவனும் சேர்ந்து மிதிப்பது போல.

வழியில் ஓர் இடத்தில் நிறுத்தி, டெய்லர் ரோட்டின் குறுக்கே நின்று கார்களை மறித்துப் பார்த்தான். விடியற்காலையில் தலை கலைந்த ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் யார் நிறுத்துவார்கள்? நானே நிறுத்தமாட்டேன். ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ஒவ்வொரு காருக்கும் டெய்லர் கும்பிட்ட கும்பிடை என்னால் பார்க்க முடியவில்லை. அதில் போன நேரம்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி அழைத்தார்கள். மீட்டர் ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், எங்க வர்றீங்க?”

“வந்துட்டோம்மா, பக்கத்துலதான்.”

“எந்த இடம்னு சொல்லுங்க சார்.”

அவன் சொன்னான். “ரெண்டு மணி நேரத் தூரத்தைத் தாண்டிப் போகக்கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லியிருந்தோமே சார்” என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். “ஏன்டா சொல்லல? தாராளமா போகச் சொன்னாருன்னு வாய் கூசாம சொன்னியேடா!”

“சொன்னா கூட்டிட்டு வந்திருப்பியா?”

“காலை உடைச்சுப் போட்டிருப்பேன்!”

“அதான் சொல்லல.” அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். “அந்த ரெண்டு மணி நேரக் கயித்துலயே ஆறு வருஷமா கட்டிக் கிடக்கேன்டா. அக்கா மகன் கல்யாணத்துக்குப் போகல. அம்மா செத்ததுக்குக்கூட அவசர அவசரமா போயிட்டு எரிச்ச கையோட ஓடி வந்தேன். இந்த ஒரு நாள் அவுத்துக்கிட்டு ஓடிப் பார்ப்போம்னு தோணுச்சு. எத்தனை நாள் இருக்கு, இந்த ஒரு நாள்லயா வரணும்?”

ஆறு வருடம் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். எங்காவது போகலாமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வண்டி இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை. முள் ஐம்பதிலேயே நின்றது. அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தையே மனதுக்குள் சபித்தேன்.

மூன்று மணி நேரம் முடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கடைசி அழைப்பு வந்தது.

“சார், டாக்டருங்க முடிஞ்ச வரைக்கும் பார்த்தாங்க. இதுக்கு மேல கிட்னி தாங்காது. அடுத்தவங்களை உள்ள எடுத்துட்டாங்க. உங்க பேரு வரிசையில அப்படியேதான் இருக்கு சார்.”

“சரிம்மா” என்றான் மீட்டர். “ரொம்ப நன்றிம்மா.”

எதற்கு நன்றி சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பின்னால் டெய்லர் இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என் கால் மட்டும் ஆக்ஸிலேட்டரை விட்டு எழ மறுத்தது. இன்னும் போய்ச் சேர்ந்துவிடலாம், யாரிடமாவது கெஞ்சலாம் என்று அந்தக் காலுக்கு மட்டும் ஏதோ நம்பிக்கை.

போன் மறுபடி அடித்தது. அவன் மனைவி. மீட்டர் திரையைப் பார்த்தான், எடுக்கவில்லை. சின்னப் பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுவது போல என்னிடம் நீட்டினான். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“சொல்லும்மா.”

“அண்ணே, எங்கிட்டயும் சொல்லிட்டாங்கண்ணே.” அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. “ஒரு பொண்ணுக்குப் போகுது. காலேஜ் படிக்குதாம். இப்பதான் உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் கிடைச்சுடும்மா, எங்களை மன்னிச்சுடும்மான்னு.”

“நீ என்னம்மா சொன்னே?”

“என்னத்தைச் சொல்றது? பொண்ணு நல்லா இருக்கட்டும்னு சொன்னேன்.” மூச்சை இழுத்துவிட்டாள். “அவரு பக்கத்துல இருக்காரா?”

“இருக்கான்.”

“ஒண்ணும் திட்டாதீங்க.”

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது, நின்றிருந்த வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. அவள் இன்னும் லைனில் இருந்தாள்.

“மெதுவாவே ஓட்டிட்டு வாங்கண்ணே” என்றாள். “இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல.”