வெட்டிய விரல்

கழுவிய அறுவைசிகிச்சைக் கையுறையில் காற்றடைத்து, அரசு மருத்துவமனை ஆயா தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்தாள். கட்டைவிரலில் குமிழி வந்தது. ஓட்டைக் கையுறை மறுபடி அறுவை அறைக்குள் போய்விடாதிருக்க, வழக்கம்போல அதன் ஒரு விரலைக் கத்தரித்து, கையுறையைக் குப்பையில் போட்டாள்.

ஆய்வோடு ஆய்வாகத் தன் முதுகுக் கட்டியையும் அறுத்துக்கொள்ள வந்திருந்த அதிகாரி கொதித்தார். "குண்டூசி ஓட்டைக்கு விரலையே வெட்டுவியா? அரசாங்கச் சொத்தும்மா! இன்னொண்ண வெட்டினே, வேலை போயிடும்!"

அடுத்த கையுறையிலும் குமிழி. ஆயா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"சரிங்கய்யா, வெட்டல. உங்க கட்டிய அறுக்க டாக்டர் கையுறை கேட்டாரு. இதையே ஆவியில வச்சுக் கிருமி போக்கிக் குடுத்துரட்டுங்களா?"

அதிகாரி முதுகைத் தடவிக்கொண்டார். அரசாங்கச் சொத்து அந்தக் கணமே மறந்துபோனது. கத்தரியைத் தானே எடுத்து நீட்டினார்.

"ரெண்டு விரலா வெட்டும்மா."