திரும்பி வந்தவரின் விடுப்பு

ஏசுதாஸ் திரும்பி வருகிறார் என்று டாக்டர் கலைச்செல்வன் சொன்னபோது, நான் ஒரு கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்து பூச்சி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதி மருந்து என் சுடிதாரில் போனது.

"உத்தரவு வந்துடுச்சு அம்முலு. புதன்கிழமை சேர்றார்."

அவ்வளவுதான் சொன்னார். கன்றுக்காரர் போகும்வரை வேறு பேச்சில்லை. டாக்டர் எதையும் பாதியாகத்தான் சொல்வார். மீதியை நாமே யோசித்து முடித்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில் இருக்கிற எங்கள் கால்நடை மருந்தகம் மிகச் சின்னது. ஒரு டாக்டர், ஓர் உதவியாளர். அந்த உதவியாளர் இடம் ஏசுதாஸ் அண்ணனுடையது. தடுப்பூசி, சினை ஊசி வேலைகளில் ஒரு பகுதியைப் பால் வளர்ச்சிச் சங்கம் ஒன்றிடம் ஒப்படைத்தபோது அவரையும் அங்கே மாற்றினார்கள். மாற்றப்பட்டவர்களுக்கு ஓர் உறுதி தரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் விரும்பினால் தாய்த்துறைக்குத் திரும்பலாம். பழைய இடமும் பணிக்காலமும் சேர்த்துவைத்த விடுப்பும் அப்படியே காத்திருக்கும். அவர் போன இடத்தில் என்னைத் தற்காலிகமாக வைத்தார்கள். தற்காலிகம் என்ற சொல் என் உத்தரவில் தெளிவாகவே இருந்தது. நாளாக ஆக நான்தான் அதை மறந்துவிட்டேன்.

கன்றுக்காரர் போனதும் டாக்டர் மீதியைச் சொன்னார். ஏசுதாஸுக்குக் கொடுத்த மூன்று ஆண்டு அந்த வாரத்தோடு முடிகிறது. சேருகிற அன்று முழு நாளும் வேலை பார்த்தார் என்று டாக்டர் எழுதி அனுப்ப வேண்டும். அப்போதுதான் சேர்ந்ததாகக் கணக்கு.

"இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா திரும்புற உரிமை போச்சு. அந்த இடம் காலின்னு ஆயிடும். நீ அப்படியே இருப்ப."

அந்த 'இல்லன்னா' வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

எனக்கு என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் நடக்கும் அரசுத் தேர்வு வகுப்புக்குப் போகிறேன். சென்ற முறை கொஞ்சத்தில் தவறினேன். இந்த வேலை போனால், எங்கள் காலனிப் பெண்களோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அங்கே வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். மாலை வகுப்பு என்பதே இருக்காது. வேனில் போகிறவர்கள் யாரும் மோசமாகிவிடவில்லை. என் தோழிகள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். ஆனால் அவர்களில் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இருவரும் நின்றுவிட்டார்கள்.

அம்மா அன்று நாற்று நட்டுவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அவுரு எடம், அவுரு வராரு. அதுக்கு நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற?" என்றாள்.

"நான் இன்னா சொன்னேன் இப்போ?"

"நீ ஒண்ணும் சொல்லல. உன் மூஞ்சிதான் சொல்லுது."

புதன்கிழமை கோமாரி தடுப்பூசி முகாம். காலையிலேயே மருந்தகத்துக்கு வெளியே ரோட்டோரம் வரைக்கும் மாடுகள். டாக்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஊசி மருந்து இருக்கும் ஐஸ் பெட்டி எனக்கு. மாடு பிடிப்பது ஏசுதாஸ் அண்ணனுக்கு. "இன்னிக்கு அவர் வேலையை அவர்தான் பார்க்கணும். நீ பெட்டியை விட்டு நகராதே" என்றார்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமா, நீதான் அம்முலுவா? என் நாற்காலிய நல்லா தேச்சு வச்சிக்கிற."

"அதுல குந்த நேரமே இல்லண்ணா."

"அப்ப எதுவும் மாறல. நான் இருந்தப்பவும் அப்படித்தான்."

இவரை வெறுக்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அது அப்போதே கொஞ்சம் கெட்டுப்போனது. டீ டம்ளரை அவர் இடது கையால் வாங்கியதைப் பார்த்தேன். சிலருக்கு அது பழக்கம் என்று நினைத்தேன்.

மாடு பிடிப்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாது மாடு என்றால் கயிறு போதும். முரட்டு மாடு என்றால், அதன் கழுத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையைத் தலைக்கு மேலாகப் போட்டு, விரல்களை மூக்குத் துளையில் கொடுத்து முகத்தை மேலே தூக்க வேண்டும். முகம் தூக்கிய மாடு அசையாது. கை நன்றாக உயர்ந்தால்தான் இது நடக்கும்.

முதலில் வந்தவை எல்லாம் சாது மாடுகள். ஏசுதாஸ் அண்ணன் இடது கையால் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசினார். மாட்டுக்காரர்களும் பேச்சைத்தான் கவனித்தார்கள். பிறகு சிட்டம்மாள் தன் செவலைப் பசுவை இழுத்துக்கொண்டு வந்தாள். ஊசி என்றாலே அந்த மாடு ஆளை உதைக்கும். சிட்டம்மாள் ஆளைத் திட்டுவாள்.

"ஏய் ஏசுதாசு! சங்கத்துல துன்னு துன்னு ஒடம்பு கனத்துப் போச்சா? கயித்த வுட்டுட்டு மூக்கப் புடி!"

"புடிக்கிறன்கா. உன் மாடு உன்ன மாதிரியே வாய் காட்டுது."

"நான் வாய் காட்டனா நீ தாங்க மாட்ட. புடிடா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் வலது கையைத் தூக்கினார். அது மார்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்தது. மாடு தலையை வீசியது. கயிறு அவர் இடது கையில் இருந்து நழுவிக்கொண்டிருந்தது. டாக்டர் மறுபக்கம் குனிந்து ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. இவரால் இன்றைய வேலையைச் செய்ய முடியாது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், எல்லார் முன்னாலும் அது தெரிந்துவிடும். டாக்டர் எழுத முடியாது. நான் எதுவுமே செய்ய வேண்டாம். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை, அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய் செவலையின் மூக்கைப் பிடித்துத் தூக்கினேன்.

"மூடி! பெட்டியை மூடிட்டுப் போறதில்ல?" என்று டாக்டர் கத்தினார். கத்திக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்தார்.

மதியம் கூட்டம் குறைந்ததும், வேப்பமரத்தடியில் இருவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தோம். அவர் இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"எப்பலேருந்துண்ணா?"

"போன வருசம். சங்கத்துல ஒரு காள. தோளத் தூணோட வச்சி அமுக்கிடுச்சு. மொதல்ல சும்மா நோவுதான்னு வுட்டுட்டன்."

"டாக்டர் சார்கிட்ட சொல்லலாம் இல்ல?"

"சொன்னா? தகுதி இல்ல, மெடிக்கல் போர்டுக்குப் போம்பாரு. அவுரு அப்படித்தான் சொல்லணும். போர்டு கூடுறதுக்குள்ள என் கெடு போயிடும்." கொஞ்ச நேரம் மென்றார். "உனுக்குத் தெரியுமில்ல, நான் சேரலன்னா எடம் உனுக்குன்னு?"

"தெரியும்."

"அப்பால எதுக்கு வந்து புடிச்ச?"

"மாடு தலைய ஆட்டிச்சு" என்றேன்.

"அது தெனம்தான் ஆட்டும்" என்றார். சிரிப்பு வந்தாலும் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே போனது. அவர் கயிற்றைக் கட்டுவார், பேசுவார். முரட்டு மாடு வந்தால் நான் பெட்டியை மூடிவிட்டு வந்து முகத்தைத் தூக்குவேன். வரிசையில் நின்ற ஒருவர், "இன்னா, ஒரு மாட்டுக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டார்.

"ட்ரெயினிங் நடக்குதுய்யா" என்றார் ஏசுதாஸ் அண்ணன்.

"யாரு யாருக்கு?"

"அத்த நீயே பாத்துக்கோ."

நான் சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே, நாளைக்கு இந்த நேரம் நான் இங்கே இருக்க மாட்டேன் என்ற நினைப்பு வந்தது. ஒவ்வொரு மாட்டின் முகத்தைத் தூக்கும்போதும் என் வேலையை நானே கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதில் பெருந்தன்மை இருந்ததா, அசட்டுத்தனம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆரம்பித்துவிட்டேன், நடுவில் விட முடியவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மாலையில் டாக்டர் மேசையில் உட்கார்ந்து பணியேற்பு அறிக்கையை எழுதினார். நாங்கள் இருவரும் எதிரில் நின்றோம். அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"முழு நாளும் பணி நடந்ததுன்னு எழுதிட்டேன். நடந்ததா இல்லையா?"

"நடந்துச்சு சார்" என்றோம் இருவரும்.

"நான் கண்ணை மூடிக்கிட்டா ஊசி போட்டேன்னு நினைச்சீங்க?" என்றார். அவர் கையெழுத்துப் போட்டார்.

அப்போது ஏசுதாஸ் அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மருத்துவச் சான்று ஒன்றும் அதோடு இருந்தது.

டாக்டர் படித்தார். "என்ன ஏசுதாஸ் இது? நாளையிலேருந்தே லீவா?"

"ஆமா சார்."

"சேர்ந்த மை காயலையே!"

"லீவுக்காகத்தான் சார் திரும்பி வந்தன்." இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "காஞ்சிபுரம் ஆஸ்பத்திரில ஆப்ரேசன் பண்ணணும்ன்றாங்க. அப்பால மாசக்கணக்குல கைய பழக்கணுமாம். சங்கத்துல எனுக்கு அத்தன லீவு கிடையாது. போனா சம்பளம் இல்ல, வந்தா வேலயும் இருக்குமோ இன்னாவோ. இத்தன வருசம் லீவே போடாம சேத்து வச்சது எல்லாம் இங்கதான கீது? நான் அங்க, என் லீவு இங்க. வந்தாத்தான் எடுக்க முடியும்."

டாக்டர் அந்தத் தாளை மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் எப்போதும் போல மீதியை எனக்கு விட்டுவிட்டார். எனக்குத்தான் உடனே யோசனை ஓடவில்லை.

"விடுப்பு முடியுற வரைக்கும் அந்த வேலையை யாராவது பார்க்கணும் இல்ல?" என்றார் கடைசியில். "உன் பேரைத்தான் எழுதப் போறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

நான் தலையாட்டினேன். பிறகு, அந்தத் தலையாட்டல் சரியாகப் புரிந்திருக்காதோ என்ற சந்தேகத்தில், "வேணும் சார்" என்று சத்தமாகச் சொன்னேன்.

வெளியே வந்ததும் அண்ணனிடம் கேட்டேன். "மத்தியானமே இத்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா? நான் நாளெல்லாம் அழுதுக்கினு இருந்தேன், உள்ளுக்குள்ள."

"சொல்லியிருந்தா, உன் வேல கொஞ்ச நாள் போவாதுன்னு நீ புடிச்சிருப்ப. அது பரவால்ல. ஆனா நான் உன்ன வெல குடுத்து வாங்கன மாதிரி ஆயிடும். அது எனுக்குப் புடிக்கல." பஸ் வந்துகொண்டிருந்தது. "போ, போ. கிளாசுக்கு லேட்டாவுது."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் அவர் வீடியோ காலில் வருவார். அவர் மனைவி செல்லம்மாள் போனைப் பிடித்துக்கொள்வாள். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை உயர்த்தும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எட்டிய இடத்தில் செல்லம்மாள் கரிக்கோடு போட்டுவைக்கிறாள். முதல் கோடு மார்புக்குக் கீழே இருந்தது. அடுத்தது மார்பில்.

ஒரு வாரம், வலி அதிகமாகிவிட்டது, கோடு ஏறவில்லை என்று சொன்னார். "அய்யோ" என்று சொன்னேன். சொல்லும்போதே என் மனசுக்குள் ஏதோ ஒன்று சௌகரியமாகக் காலை நீட்டியது. அவர் கை தலைக்கு மேல் போகிற நாள், என் வேலை முடிகிற நாள். என் தேர்வோ தை மாதத்தில்தான். அன்று வகுப்பில் பாடம் ஏறவில்லை. அந்த நினைப்பு நான் கூப்பிட்டு வந்ததா, தானாக வந்ததா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தானாகத்தான் வந்தது என்று முடிவு செய்தாலும், அது வந்து உட்கார என்னிடம் இடம் இருந்திருக்கிறது.

நேற்று மறுபடி கூப்பிட்டார். நான் மருந்தகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"பரீட்ச எப்பம்மா?"

"தை மாசம்ணா."

"அது வரைக்கும் கைய தூக்காம வச்சிருக்கட்டா? சொல்லு."

"விளையாடாதீங்கண்ணா."

"சரி, இத்த பாரு." போன் ஆடியது. செல்லம்மாள் அதைச் சரியாகப் பிடித்தாள். சுவரில் அவர் விரல்கள் பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே நடந்தன. தோளைத் தாண்டின. காதுக்கு நேராக வந்து நின்றன. அவர் முகம் அன்று செவலை முன்னால் நின்றபோது இருந்தது போல வெளுத்துக்கொண்டிருந்தது.

"தோ, காது வரைக்கும்! போதுமில்ல?"

மாட்டின் மூக்கைப் பிடித்துத் தூக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். காது போதாது. பூட்டிலிருந்து சாவியை எடுக்காமல், போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன்.

"போதாது அண்ணா. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."