சுவருக்கு அப்பால் டிக் டிக்

பழைய கார்களை இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்று உண்டு. அதில் காரை விற்க நினைப்பவர், ஆறிக் கிடக்கும் இன்ஜினைக் கிளப்பி, அந்தச் சத்தத்தை வீடியோவாகப் போட வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள், காரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரும் அப்படித்தான் போட்டார். இளநீலக் கார், மடக்கிவிடக்கூடிய கூரை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘மூத்தாள்’.

மனைவி திரைச்சீலை தைப்பவள். நாடக அரங்கம் ஒன்றிலிருந்து மேடைத் திரைக்கு ஆர்டர் வந்திருந்தது. அவ்வளவு துணியை விரிக்கக் கார் நிற்கும் கொட்டகையை விட்டால் வேறு இடமில்லை. “வித்துடறேன், நீ எடுத்துக்கோ” என்று அவரே சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவர் கனவில் கார் தானாகவே வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஏலத்தின் கடைசி நாள் வரை விலை நன்றாகத்தான் ஏறியது. அன்று காலை யாரோ வீடியோவின் கீழே எழுதினார்: “பின்னால் டிக் டிக் என்று கேட்கிறதே, என்ன அது?” வால்வு தேய்ந்திருக்கிறது என்றார் ஒருவர். அதைவிடப் பெரிய வியாதி என்றார் இன்னொருவர். விலை கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். அவர் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைத் தொடாமலே ஏலத்தொகை நின்றுவிட்டது. மாலைக்குள் தொடாவிட்டால் கார் அவருக்கே.

கடையில் உட்கார்ந்து இயர்போனில் கேட்டார். கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஓடி, நின்று, நூல் அறுத்து, மறுபடி ஓடும் அந்த டிக் டிக், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தைக்கும் மெஷின்.

பதில் எழுதினார். அழித்தார். சும்மா இருந்தால் போதும், கார் தங்கிவிடும், யாரும் குறை சொல்ல முடியாது. அலமாரிக் கண்ணாடிகள் வழியே வந்த வெயில் சுவரில் சின்னச் சின்னக் குளங்களாக ஆடியது. ஒவ்வொரு குளத்திலும் ஒரு இளநீலக் கார் மிதந்தது.

சாப்பிட வீட்டுக்குப் போனார்.

“என்னங்க, மூத்தாளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதா?”

“ஏதோ சத்தம் கேக்குதாம். தயங்கறாங்க.” போனை நீட்டினார்.

காதில் வைத்துக் கேட்டாள். தன் சத்தம் அவளுக்கே பிடிபடவில்லை. “பாவம், அவளுக்கும் மூட்டு தேயற வயசுதானே? விடுங்க. அரங்கத்துக்காரங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்.” சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த திரையின் மாதிரித் துணியை நீவி நீவி மடித்தாள். மடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அவர் எழுந்தார். “போய் மெஷின்ல உக்காந்து தை.”

“இப்பவா? எதுக்கு?”

“தையேன், சொல்றேன்.”

கொட்டகையில், இன்ஜினைக் கிளப்பாமல், அசையாத காரைப் படம் பிடித்தார். சுவருக்கு அப்பாலிருந்து டிக் டிக் வந்தது. ‘இது என் மனைவியின் தையல் மெஷின். கார் நலம்’ என்று எழுதிப் போட்டார்.

அவள் வாசலில் வந்து நின்றாள். “அப்ப அந்த வியாதி நான்தானா?”

“ம்.”

“எப்ப தெரிஞ்சுது?”

“காலையிலேயே.”

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதான பார்த்தேன்! காலையிலேர்ந்து முகத்துல ஒரு தினுசான களை.”

மாலை விலை மறுபடி எழுந்தது. கடைசி நேரத்தில் யாராவது விலை கேட்டால் ஏலத்தின் கெடு கொஞ்சம் நீளும். எங்கோ இரண்டு பேர் மாறி மாறிக் கேட்க, முடிவு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தள்ளிப் போகும்போதெல்லாம் அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். கடைசியில் ஏரிக்கரை ஊர்ப் பல் மருத்துவர் ஒருத்தி வென்றாள். ‘அந்த டிக் டிக்கும் சேர்த்துத் தருவீர்களா?’ என்று எழுதினாள்.

“தர முடியாதுன்னு எழுதுங்க” என்றாள் மனைவி.

கார் போன மறுநாள் மெஷின் கொட்டகைக்கு வந்தது, எண்ணெய்க் கறை படிந்த அதே இடத்துக்கு. சுற்றிலும் கருநீலத் துணி தண்ணீர்போலப் பரவிக் கிடந்தது. சமையலறையில் நின்றிருந்த அவருக்கு டிக் டிக் கேட்டது. இன்ஜின் எப்போது கிளம்பும் என்று அவர் காது சற்று நேரம் காத்திருந்தது.